பெயருக்கு முன்னே ஒரு தலைமுறை

கெல்டிக் மொழிகளின் கதை – 9

ஓகம் எழுத்தைப் படிக்கும் முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். கல்லின் விளிம்புதான் நடுக்கோடு. அதன் இருபுறமும் குறுக்கிலும் வெட்டிய கீற்றுகள்தான் எழுத்து. அடியிலிருந்து உச்சிக்குப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் கிடைக்கும் செய்தி என்ன என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போர் வெற்றியோ கோயில் கொடையோ அதில் கிடையாது. ‘இன்னாரின் மகனான இன்னாருடையது’ என்பதோடு பெரும்பாலான கற்கள் பேச்சை முடித்துக்கொள்கின்றன. தெற்கு அயர்லாந்தின் கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு பகுதிகளில் செறிந்தும், வேல்ஸ், ஸ்காட்லாந்து, மான் தீவு ஆகியவற்றில் சிதறியும் ஏறத்தாழ 400 கற்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு மழையில் நனைந்தும் அவை காத்து வைத்திருப்பது மனிதர்களின் பெயர்களையும், அந்தப் பெயர்களை இணைக்கும் இரண்டு மூன்று உறவுச் சொற்களையும்தான்.

அந்த உறவுச் சொற்களே இந்த வாரக் கதையின் நாயகர்கள். கற்களில் அடிக்கடி வருவது ‘மக்கி’. மகனுடைய என்று பொருள். அடுத்தது ‘அவி’. பேரனுடைய, வழித்தோன்றலுடைய என்று பொருள். மூன்றாவது ‘முக்கோய்’, குலத்தின் பெயருக்கு முன்னால் வருவது. மூன்றாவது சொல் காலப்போக்கில் வழக்கொழிந்தது. முதலிரண்டும் இன்றும் உலகெங்கும் உயிரோடு இருக்கின்றன. ‘மக்கி’யின் இறுதி உயிர் தேய்ந்து ‘மக்’ ஆயிற்று. ‘அவி’யின் நடு மெய் கரைந்து ‘உவா’ என்றாகி, பிறகு ஒற்றை உயிரெழுத்தாகச் சுருங்கி ‘ஓ’ ஆயிற்று. மக்டொனால்டு, மக்கார்த்தி, ஓபிரையன், ஓநீல் என்று நாம் செய்தித்தாளில் படிக்கும் பெயர்களின் தலைப்பகுதி, கீற்று வெட்டிய அந்தக் கற்களிலிருந்து நேராக இறங்கி வந்தது.

‘மக்’ என்றால் மகன் என்றதும் தமிழ் வாசகருக்கு உடனே ஒரு எண்ணம் எழும். ‘மக’, ‘மகன்’ என்ற நம் சொற்களோடு இது ஒட்டிவருகிறதே என்ற எண்ணம். ஆசை இயல்பானதுதான், ஆனால் அதை விட்டுவிட வேண்டும். கெல்டிக் சொல்லின் மூல வடிவத்தில் இருந்தது வெறும் ககரம் அன்று. உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘க்வ’ என்ற ஒலி அது. கேலிக் மொழிகளில் அந்த ஒலி ககரமாக நின்றது. வேல்ஷ் மொழியில் பகரமாக மாறியது. அதனால்தான் அயர்லாந்தில் ‘மக்’ என்பதும் வேல்ஸில் ‘மப்’ என்பதும் ஒரே சொல். ‘மப்’ தேய்ந்து ‘அப்’ ஆகி, ‘அப் ஹவெல்’ பவல் ஆனதும், ‘அப் ரிஸ்’ பிரைஸ் ஆனதும் அந்த வழியில்தான். ஒலி மாற்றத்தின் இந்தப் பாதை தமிழ்ச் சொல்லுக்குப் பொருந்தாது. இரண்டும் காதுக்கு ஒத்திருப்பது தற்செயல்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ‘மக்’, ‘ஓ’ இரண்டும் தொடக்கத்தில் குடும்பப் பெயரின் உறுப்புகளாக இருக்கவில்லை. சொன்னபடியே பொருள் கொண்டவை. ஒருவன் பெயருக்குப் பின்னால் ‘மக் கோன்’ என்று வந்தால் அவன் தந்தை பெயர் கோன். ‘உவா கோன்’ என்று வந்தால் பாட்டன் பெயர் கோன். அடுத்த தலைமுறையில் பெயர் மாறும். மகன் தன் தந்தையின் பெயரைச் சொல்வான், பாட்டன் பெயர் பின்னுக்குப் போகும். இப்படி நகர்ந்துகொண்டே இருந்த பெயர் ஒரு கட்டத்தில் ஒரு முன்னோரிடம் வந்து நின்றுவிட்டது. அவருக்குப் பின் வந்த எல்லோரும், அவர் மூன்றாம் பாட்டனாக இருந்தாலும் முப்பதாம் பாட்டனாக இருந்தாலும், அவர் பெயரையே சொல்லத் தொடங்கினார்கள். இப்படி நின்ற காலம் பொதுவாக 10, 11ஆம் நூற்றாண்டுகள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரம்பரைப் பெயர் என்ற வழக்கமே உருவாகாத காலம் அது.

மிகப் பழைய சான்றாக எல்லோரும் காட்டுவது 916ஆம் ஆண்டுக் குறிப்பு. இன்றைய கால்வே மாவட்டத்தின் தெற்கில் இருந்த ஐனே என்ற சிறு நாட்டின் தலைவன் டைகர்னாக் உவா கிளேரி அந்த ஆண்டு இறந்தான் என்று ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. கிளேரக் என்ற முன்னோரின் வழி வந்தவன் என்பது பெயரின் பொருள். ‘கிளேரக்’ என்ற சொல்லுக்கு மதகுரு, எழுத்தறிந்தவர் என்ற பொருளும் உண்டு. பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ஆட்சியை இழந்து வடக்கே டொனகலுக்குப் போன ஓ கிளேரிகள் அங்கே பரம்பரை வரலாற்றாசிரியர்கள் ஆனார்கள். ஐரிஷ் மரபு அழிந்துகொண்டிருந்த நாளில், 1632 முதல் 1636 வரை உட்கார்ந்து பழைய ஏடுகளையெல்லாம் திரட்டி ‘நான்கு ஆசான்களின் ஆண்டுக்குறிப்பு’ என்ற மாபெரும் தொகுப்பைச் செய்த குழுவின் தலைவர் மிஹால் ஓ கிளேரி என்ற துறவிதான். தங்கள் குடும்பப் பெயரின் வயதை உலகுக்குக் காட்டும் ஏட்டையும் அந்தக் குடும்பமே காத்துத் தந்தது.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரையன் போரு மன்னர்தான் ஆணையிட்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. 1014ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை, குளொன்டார்ஃப் போரில் இறந்த அதே பிரையன். அப்படி ஓர் ஆணை இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அவர் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால் பெயர் உறைந்த தருணத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. பிரையனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவர் பேரன் டர்லா, ‘உவா பிரியன்’ என்று அழைக்கப்பட்டான். பிரையனின் பேரன் என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. அவன் 1086இல் இறந்தான். அவன் மகன் மர்ட்டாவும் ‘உவா பிரியன்’ என்றே அழைக்கப்பட்டான். அவனோ பேரன் அல்லன், கொள்ளுப்பேரன். உறவைச் சொன்ன சொல் குடும்பத்தைச் சொல்லும் சொல்லாக மாறியது அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடையில்தான். மர்ட்டா 1119இல் இறந்தபோது ஓபிரையன் என்ற குடும்பப் பெயர் பிறந்துவிட்டது.

இவற்றை முன்னொட்டு என்று சொல்வது வசதிக்காகத்தான். உண்மையில் இவை தனிச் சொற்கள். வாக்கியத்தில் வேற்றுமைக்கும் பாலுக்கும் ஏற்ப வடிவம் மாறுகிறவை. ஆங்கிலப் பதிவேடு அவற்றை அச்சுப்போல் உறைய வைத்தது. கேலிக் பேசுகிறவர் வாயில் அவை இன்னும் அசைகின்றன. இதை விளங்கிக்கொள்ளாமல் கேலிக் பெயர்களைத் தொட்டால் எல்லாம் குழப்பமாகவே தெரியும். முக்கியமாக, பெண்களின் பெயர்.

‘ஓ பிரியன்’ என்றால் பிரியனின் பேரன். ஒரு பெண் எப்படிப் பேரன் ஆவாள்? ஐரிஷ் மொழி இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை வைத்திருக்கிறது. அவள் பெயரில் ‘நீ’ வரும். ‘இனீன் ஈ’, அதாவது ‘ஓ-வின் மகள்’ என்ற தொடரின் சுருக்கம் அது. கூடவே அடுத்த சொல்லின் முதல் மெய்யும் மெலியும். ஆகவே அண்ணன் ஓ பிரியன், தங்கை நீ வ்ரியன். ‘மக்’ குடும்பத்துப் பெண்ணுக்கு ‘நிக்’. திருமணம் ஆகிக் கணவன் பெயரை ஏற்றால் ‘ஓ’ என்பது ‘ஈ’ ஆகும், ‘மக்’ என்பது ‘விக்’ ஆகும். ‘ஓ-வின் மனைவி’, ‘மக்-கின் மனைவி’ என்ற தொடர்களில் மனைவி என்ற சொல் உதிர்ந்து வேற்றுமை வடிவம் மட்டும் நின்றது. ஆக, ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு முன்னொட்டு, தாய்க்கு இன்னொன்று, மகளுக்கு மூன்றாவது. மூன்றும் ஒரே குடும்பப் பெயர்.

பாடகி எனியாவின் ஐரிஷ் பெயரில் ‘நீ வ்ரைனான்’ என்று இருக்கும். அவருடைய சகோதரர்கள் ‘ஓ பிரைனான்’. 1997 முதல் 2011 வரை அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்த மேரி மக்கலீஸின் ஐரிஷ் பெயர் ‘மோய்ரா விக் யில்லா ஈசா’. ஆங்கிலத்தில் ‘மக்’ என்று நிற்கும் இடத்தில் ஐரிஷில் ‘விக்’ நிற்கிறது. அந்தக் குடும்பத்தில் மருமகளாக வந்தவர் அவர் என்பது அந்த ஒரு மாற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது.

பெண்பால் வடிவம் பிற்காலத்தில் யாரோ நாகரிகத்துக்காகச் சேர்த்தது என்று எண்ண வேண்டாம். தெற்கு வேல்ஸின் எக்லுயிஸ் கம்மின் சிற்றூர்த் தேவாலயத்தில் ஒரு கல் இருக்கிறது. ஓகம் கீற்றுகளிலும் இலத்தீன் எழுத்திலும் ஒரே செய்தி: குனிக்னியின் மகள் அவிட்டோரியா. ஓகத்தில் மகளுக்கு வரும் சொல் ‘இனிகெனா’. அதுவே தேய்ந்து தேய்ந்து ‘இங்கென்’, ‘இனீன்’ ஆகி, கடைசியில் ‘நீ’ ஆனது. ஓகம் கற்களில் பெண்ணின் நினைவுக் கல் மிக அரிது. அந்த அரிய கல்லிலிருந்து இன்றைய பெண்ணின் கையெழுத்து வரை ஒரு நூல் அறுபடாமல் வருகிறது என்பதை நான் ஒரு பெரிய செல்வமாகவே நினைக்கிறேன்.

மக்கலீஸ் பெயரில் இன்னொரு துண்டும் இருக்கிறது: ‘கில்லா’. பையன், ஏவலாள், தொண்டன் என்று பொருள். ‘கில்லா ஈசா’ என்றால் இயேசுவின் தொண்டன். ‘மக் கில்லா ஈசா’ அவன் மகன். புனிதர்களின் பெயரை நேரடியாகப் பிள்ளைக்கு வைப்பது மரியாதைக் குறைவு என்று பழைய ஐரிஷ்காரர்கள் கருதினார்கள். ஆகவே தொண்டன் என்ற சொல்லை முன்னால் வைத்தார்கள். அதற்கும் முந்திய வழக்கு ‘மால்’. மொட்டை என்று பொருள். துறவிகள் தலையை மழிப்பதால் அடியான் என்ற பொருள் வந்தது. புனித கொலம்பாவின் அடியான் ‘மால் கொலம்’. ஸ்காட்லாந்து அரசர்களின் பட்டியலில் வரும் மால்கம் அவன்தான். யோவானின் அடியான் வழி வந்தவர்கள் இன்று மலோன்கள். ஆயரின் தொண்டன் மகன் கில்லஸ்பி. இப்படி ஒரு பெயருக்குள் மகன், தொண்டன், புனிதர் என்று மூன்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

‘ஃபிட்ஸ்’ என்பதையும் பலர் கேலிக் முன்னொட்டு என்றே நினைக்கிறார்கள். அது நார்மன் பிரெஞ்சு. மகன் என்ற பிரெஞ்சுச் சொல்லின் பழைய வடிவம். 12ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த நார்மன்களோடு இறங்கியது. ஒரே ஒரு விலக்கு ஃபிட்ஸ்பாட்ரிக். அது அசல் ஐரிஷ் குடும்பம், பெயர் ‘மக் கில்லா ஃபாட்ரிக்’, புனித பாட்ரிக்கின் தொண்டன் மகன். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசுக்குப் பணிந்து பட்டம் பெற்றபோது அந்தக் குடும்பம் நார்மன் உடுப்பை அணிந்துகொண்டது. எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. நார்மன் பிரபுக்களில் பலர் ஐரிஷ் பேசி, ஐரிஷ் சட்டத்தில் வாழ்ந்து, ‘மக்’ வைத்துக்கொண்டார்கள். இன்றைய காஸ்டெல்லோக்கள் அப்படி மாறிய முதல் நார்மன் குடும்பங்களில் ஒன்று. காஸ்டெல்லோவின் முதலெழுத்து ‘மக்’கின் கடைசி மெய்தான்.

ஆங்கில ஆட்சியாளர்கள் இந்தச் சிறு சொற்களின் வலிமையை நன்றாக அறிந்திருந்தார்கள். 1465ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று டப்ளின், மீத், லௌத், கில்டேர் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆங்கிலேயர் நடுவே வாழும் ஐரிஷ்காரர் ஒவ்வொருவரும் ஆங்கிலப் பெயர் சூடவேண்டும் என்றது. பெயரை எங்கிருந்து எடுப்பது என்றும் அந்தச் சட்டமே சொன்னது. சட்டன், செஸ்டர், டிரிம் போன்ற ஊர்ப் பெயர். வெள்ளை, கறுப்பு, பழுப்பு போன்ற நிறம். கொல்லன், தச்சன் போன்ற தொழில். சமையற்காரர், பட்லர் போன்ற பதவி. ஒரு மனிதனிடமிருந்து பாட்டனைப் பறித்துக்கொண்டு பதிலுக்கு ஒரு நிறத்தைக் கொடுத்த சட்டம் அது.

பெருந்தலைவர்கள் விஷயத்தில் ஆட்டம் இன்னும் தீவிரம். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் ஓநீல் குலத்தில் எல்லோரும் ஓநீல்கள்தான். ஆனால் தலைவனுக்கு மட்டும் இயற்பெயர் தேவையில்லை. ‘ஓ நீல்’ என்றாலே அவன்தான். அந்தப் பெயரே மகுடம். டல்லாஹோக் குன்றில் ஒரு கல் இருக்கையில் அமர்த்தி அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். 1542இல் கோன் ஓநீல் இங்கிலாந்துக்குப் போய், எட்டாம் ஹென்றியிடம் அந்தப் பெயரைக் கைவிட்டு டைரோன் பிரபு என்ற ஆங்கிலப் பட்டத்தை வாங்கிக்கொண்டான். 1569இல் வந்த சட்டம், ஓநீல் என்ற தலைமைப் பெயரை எவன் சூடினாலும் அது அரசத் துரோகம் என்றது. 1595இல் ஹியூ ஓநீல் துணிந்து அதைச் சூடினான். ஆங்கிலப் பட்டம் கையில் இருந்தும் அவனுக்கு அது போதவில்லை. ஆங்கில ஆட்சியை எதிர்த்து அவன் நடத்திய ஒன்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1602இல், ஆங்கிலத் தளபதி மௌண்ட்ஜாய் பிரபுவின் படை டல்லாஹோக்கை அடைந்தபோது அந்தக் கல் இருக்கையை உடைத்து நொறுக்கியது. மறு ஆண்டு சரணடைந்த ஹியூ கைவிட வேண்டியவற்றில் அந்தப் பெயரும் ஒன்று.

அதே 1603இல் கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தில் நடந்தது இன்னும் கொடியது. கிளென் ஃப்ரூன் பள்ளத்தாக்கில் மக்கிரெகர் குலத்தார் கோல்கஹூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு ஒரு குலத்தின் பெயரையே தடைசெய்து ஏப்ரல் 3ஆம் தேதி ஆணை பிறப்பித்தது. மக்கிரெகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவனுக்கு மரண தண்டனை. தடை 1661இல் நீங்கி, 1693இல் மீண்டும் விழுந்து, 1774இல்தான் ஒழிந்தது. இடையில் அவர்கள் மற்றவர் பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தார்கள். கதைகளில் புகழ்பெற்ற ராப் ராய் மக்கிரெகர், தாய்வழிப் பெயரான கேம்பல் என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை. பிறக்காத குழந்தையின் பெயரையும் சேர்த்துத் தண்டித்ததை எந்த நியாயத்தாலும் மூட முடியாது.

அயர்லாந்தில் ‘மக்’கும் ‘ஓ’வும் பெருமளவில் உதிர்ந்தது 17, 18ஆம் நூற்றாண்டுகளில். அல்ஸ்டரின் பழைய பிரபுக் குடும்பங்கள் 1607இல் நாட்டைவிட்டே கப்பலேறிவிட்டன. நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. வழக்குமன்றம், வரி, குத்தகை எல்லாம் ஆங்கிலத்தில். ‘ஓ’ என்று தொடங்கும் பெயர் வாய்ப்புகளை மூடும் பெயர் ஆகிவிட்டது. மக்கள் தாங்களே அதை விட்டார்கள். மர்ஃபி, கெல்லி, டாய்ல், ஹோகன் எல்லாம் ‘ஓ’வை இழந்த பெயர்கள். ஹோகனின் முதலில் நிற்கும் ஹகரம் பெயருக்கே உரியதன்று. ‘ஓ’வுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் ஐரிஷ் இலக்கணம் இடையில் ஒரு ஹகரத்தை இடும். ‘ஓ’ போன பிறகும் அதன் தடம் மட்டும் நின்றுவிட்டது. மான் தீவில் இதே கதை ‘மக்’குக்கு நடந்தது. 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நிலப் பதிவேடுகளில் பார்த்த இடமெல்லாம் ‘மக்’. பிறகு அது மறைந்து கடைசிக் ககரம் மட்டும் அடுத்த பெயரில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கெர்மோட், குவில்லியம், குவேல் என்று மான் தீவின் குடும்பப் பெயர்கள் ககர ஒலியில் குவிந்து கிடக்கின்றன. அயர்லாந்தின் மக்டெர்மட்டும் மான் தீவின் கெர்மோட்டும் ஒரே பெயர்.

எழுத்தர்களின் கைவேலை தனிக் கதை. ‘மக் கவன்’ என்றால் கொல்லனின் மகன் என்று கேட்டு ஸ்மித் என்று எழுதினார்கள். அது சரியான மொழிபெயர்ப்பு. ‘மக் அன் டீர்’ என்பது கைவினைஞனின் மகன். ஸ்காட்லாந்தின் மக்கின்டயர் அதுவே. ‘சுதந்திரமான’ என்ற இன்னொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதைச் சிலருக்கு ஃப்ரீமன் ஆக்கிவிட்டார்கள். ‘மக் அன் வார்ட்’, புலவனின் மகன், வார்டு ஆனது. டொனகலில் தலைமுறை தலைமுறையாகக் கவி பாடிய குடும்பம் அது. இன்று அந்தப் பெயரைப் பார்ப்பவர் காவல்காரர் வழி வந்தவர்கள் என்றுதான் நினைப்பார். ‘ஓ’வின் மேல் இருந்த நீட்டல் கோடும் ஆங்கிலத் தாளில் பக்கவாட்டில் இறங்கி ஒற்றை மேற்கோள் குறியாயிற்று என்று சொல்வார்கள். ஐரிஷில் எழுதும் ‘ஓ’ப் பெயர்களில் அந்தக் குறி கிடையாது. ‘மக்’கை முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்துக்காரர், சுருக்கி எழுதினால் அயர்லாந்துக்காரர் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது எழுதுகிறவர் கையின் சுருக்கம் மட்டுமே. ஒரே ஆளின் பெயர் ஒரே ஆவணத்தில் இரு விதமாகவும் வரும்.

1893இல் டப்ளினில் கேலிக் கழகம் தொடங்கிய பிறகு உதிர்ந்த சொற்கள் திரும்பி வரத் தொடங்கின. மக்கள் தங்கள் பெயரில் ‘ஓ’வை மீண்டும் சேர்த்தார்கள். 1916 எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸின் தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த சிற்பி. மகனோ ஐரிஷில் ‘பாட்ரிக் மக் பியரஷ்’ என்று எழுதினார். அந்த எழுச்சியின் பிரகடனத்தில் முதல் கையெழுத்திட்ட தாமஸ் கிளார்க்கின் ஐரிஷ் பெயர் தொமாஸ் ஓ கிளேரி. ஐனே தலைவனின் சாவுக் குறிப்புக்குச் சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பெயர் அங்கே நிற்கிறது. கிளார்க் என்பது ஆங்கிலக் குடும்பங்களுக்கும் உரிய பெயர். ஆகவே அவர் ஐனே வழியில் வந்தவர் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அவர் அந்த வடிவத்தைத் தம்முடையதாக ஏற்றார் என்பது நிச்சயம்.

மீட்பிலும் தவறுகள் நேர்ந்தன. கிளேர் மாவட்டத்து கோர்மன்கள் முன்பு ‘மக் கோர்மன்’. முன்னொட்டை இழந்து பல காலம் கழித்துத் திரும்ப எடுத்தபோது எது தம்முடையது என்ற நினைவு போய்விட்டது. ‘ஓகோர்மன்’ என்று ‘ஓ’வை வைத்துக்கொண்டார்கள். இதைச் சுட்டிக்காட்டியவர் எட்வர்ட் மக்லைசாட். அயர்லாந்தின் முதல் தலைமை மரபுச்சின்ன அதிகாரி. 1957இல் ‘ஐரிஷ் குடும்பங்கள்’ என்ற நூலைத் தந்து இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டவர். லைசாட் என்று பிறந்து, 1920 வாக்கில் ‘மக்’கை மீட்டுக்கொண்ட குடும்பம் அவருடையது.

பெண்பால் வடிவங்கள் மட்டும் இந்த மீட்பில் பாதிதான் வந்து சேர்ந்திருக்கின்றன. ஐரிஷ் மொழியில் எழுதும், பாடும், கற்பிக்கும் பெண்கள் ‘நீ’, ‘நிக்’ என்று எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கேலிக் பேச்சில் ஒருத்தி ‘நிக் கோன்யில்’ ஆக இருப்பாள், ஆங்கிலத் தாளிலோ மக்டொனால்டு ஆகிவிடுவாள். அயர்லாந்துக்கு வெளியே, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும், இலட்சக்கணக்கான பெண்கள் ‘ஓ’வையும் ‘மக்’கையும் சுமந்து, பெயரளவில் பேரனாகவும் மகனாகவுமே வாழ்கிறார்கள். அது தவறு என்று அவர்களைக் குறைசொல்ல இடமில்லை. எழுத்தர் எழுதியதுதான் அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் பெண்ணுக்கென்று ஒரு சொல்லை ஓகம் காலத்திலிருந்து வைத்திருந்த மொழி அது என்பதாவது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மனிதர்களின் பெயரில் இருக்கும் முன்னொட்டுகள் இவை. ஊர்ப் பெயர்களில் வரும் ‘பாலி’, ‘கில்’, ‘டன்’, ‘இன்வர்’ வேறு கூட்டம். அவற்றில் ‘கில்’ மட்டும் தேவாலயத்தையும் குறிக்கும், காட்டையும் குறிக்கும். ஓர் ஊரில் எது என்று கண்டுபிடிக்க 1830களில் ஜான் ஓ டோனவன் என்ற அறிஞர் அயர்லாந்தின் ஊர்ப்புறமெல்லாம் அலைந்து முதியவர்களின் உச்சரிப்பைக் கேட்டு எழுதினார். அவருடைய பயணத்தோடு அடுத்த இதழைத் தொடங்குவோம்.